வசந்தாவுக்கு அண்ணன் கிடைத்த விதம்

1

ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மஸ்கட்டில் நான் வேலை பார்க்கும் குழாய்ச் சாமான் கம்பெனியின் ஆபீஸ். வியாழக்கிழமை மத்தியானம். மனைவி பெயர் என்று ஒரு கட்டம். குழந்தைகள் என்று ஒரு கட்டம். சொந்த வீடு, வாகனம், இங்கே உள்ள உறவினர் என்று கட்டம் கட்டமாக இறங்கிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ஆபீஸ் கிளார்க் மலையாளி. நல்ல மனுஷன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"காலியா விட்டா மேலே போகாது. இல்லேன்னா இல்லேன்னு எழுதணும்."

எழுதினேன். பதினொரு கட்டத்திலும் இல்லை, இல்லை என்று எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், திருமங்கலத்திலிருந்து கிளம்பி, மதுரையில் பி.எஸ்சி. கணிதம் படித்து, கடல் தாண்டி வந்த ஒரு இருபத்தைந்து வயது ஆள் அந்தத் தாளில் சுத்தமாக இல்லவே இல்லை. சட்டைப் பையில் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எனக்கு எழுதிய கடிதம் இருந்தது. "வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழும் தமிழர் படும் பாட்டை வாசகர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். உங்கள் அனுபவத்தை மாதாமாதம் எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார். எனக்கு அனுபவம் இருந்தது. முக்கால் அங்குல முழங்கைக் குழாய் எத்தனை, ஒரு அங்குல முழங்கைக் குழாய் எத்தனை என்று எண்ணுகிற அனுபவம். குடும்பம்தான் இல்லை.

படிவத்தைப் பார்த்தேன். கடிதத்தைப் பார்த்தேன். அந்தப் பதினொரு கட்டத்தையும் நானே நிரப்பினால் என்ன?

கடந்த ஆறு இதழ்களாக நீங்கள் படித்துவரும் என் மனைவி வசந்தா, நாலு வயது மகன் அருண், இரண்டு வயது மகள் சுமதி ஆகிய மூன்று பேரும் அப்படித்தான் பிறந்தார்கள். மூவரும் கிடையாது. மன்னிக்கவும். இந்த ஏழாவது கட்டுரை மட்டும் உண்மை.

2

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

நாங்கள் இருப்பது எட்டுப் பேர் படுக்கிற அறை. அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு என்னுடையது. காலை நாலரைக்கு எழுந்து குளியலறை வாசலில் வாளியோடு வரிசை. ஐந்தரைக்கு லாரி. அப்புறம் நாள் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே குழாய், திருகு, மூடி. தொட்டால் சுடும். சாயங்காலம் திரும்பினால் மறுபடியும் வாளி, மறுபடியும் வரிசை. ஜன்னல் ஒன்று உண்டு. அதில் குளிர்சாதனப் பெட்டியைச் சொருகிவிட்டதால் வெளியே எதுவும் தெரியாது.

ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் பெட்டியின் மூடியை மடியில் வைத்து எழுத உட்கார்ந்தால் எனக்கு மூன்று அறை வீடு. கடல் தெரிகிற ஜன்னல். திரைச்சீலைக்கு நிறம் தேர்ந்தெடுக்கவே எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் போயிற்று. முதலில் நீலம் போட்டேன். கடலும் நீலம், திரையும் நீலமா என்று தோன்றியது. அடித்துவிட்டுப் பச்சை போட்டேன். யாரும் ஏணி கொண்டுவரவில்லை, யாரும் ஆணி அடிக்கவில்லை, திரை மாறிவிட்டது! ஒரு வாக்கியத்தில் குளிர்ப்பெட்டி வாங்கினேன். அடுத்த வாக்கியத்தில் அதற்குள் மாம்பழம் வைத்தேன். எங்கள் கிடங்கு மேலாளரை மூன்றாவது கட்டுரையில் வசந்தா கழுவிவிட்ட படியில் வழுக்கி விழ வைத்தேன். மறுநாள் அவர் என்னைப் பார்த்துக் கத்தும்போது, "ஐயா, இடுப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

வசந்தாவை வண்டியூர்க்காரி ஆக்கினேன். கல்லூரியில் படித்தபோது அங்கே வாடகைக்குச் சைக்கிள் எடுத்துத் தெப்பக்குளத்தை வட்டமடிப்பேன். தண்ணீர் இல்லாத குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். எதையோ நினைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பேன். மனைவியைப் படைக்க வேண்டும் என்றதும் முதலில் அந்தத் தெருதான் ஞாபகம் வந்தது. பெண் அதற்கப்புறம்தான் வந்தாள்.

கதை எழுதுகிறவனுக்கு ஊரில் தனி மரியாதை என்பார்கள். எங்கள் அறையிலும் கிடைத்தது. சமையல்காரரிடம் அவர் மீன்குழம்பைப் பற்றி எழுதுவேன் என்று நான் சொன்னதிலிருந்து எனக்கு மட்டும் நடுத்துண்டு. கீழ்த்தட்டில் படுக்கிற அப்துல் காதர் கோரிப்பாளையத்துக்காரன், என் வயதுதான். தன்னையும் உள்ளே போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"மாப்ள, என்னைய ஸ்டோர் மேனேஜரா போட்றா."

"நீ பாரம் தூக்குறவன்டா."

"அது இங்க. கதையில எதுக்குத் தூக்கணும்?"

போட்டேன். நாலாவது இதழ் வந்த வாரம் முழுக்க அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். மேலாளர் கூப்பிட்டுக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

3

குழந்தைகள் விஷயத்தில்தான் கொஞ்சம் எல்லை மீறிவிட்டேன்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்களே, நாமும் எழுதுவோம் என்று அருணை மறக்கவைத்தேன். முதலில் வெண்டைக்காயை மறந்தான். அடுத்த இதழில் எருமையைப் படத்தில் பார்த்து "இது என்ன, கறுப்பு ஒட்டகமா?" என்று கேட்டான். இல்லாத பிள்ளை இல்லாத வீட்டில் தமிழை மறக்கிறான். நான் மேல்தட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறேன்.

நீங்களும் அழுதீர்கள் என்று தெரிந்தது. உசிலம்பட்டியிலிருந்து ஒரு தமிழாசிரியர் சிலேட்டும் அரிச்சுவடியும் பொட்டலமாகக் கட்டி "செல்வன் அருண்" என்று பெயர் எழுதிக் கம்பெனி விலாசத்துக்கே அனுப்பிவிட்டார். கிளார்க் பொட்டலத்தை ஒரு கையிலும் என் பழைய படிவத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"குழந்தைகள் இல்லைன்னு எழுதியிருக்கே. இது யாரு?"

"நான் எழுதினவன் சார்."

"அதை எழுதிக் கொடு."

"அருண் என்பவன் என் மகன் அல்ல. அவனை நான் எழுதினேன். அவனுக்கு விசா தேவைப்படாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முத்திரை குத்தி என் கோப்பில் சேர்த்துவிட்டார். அரிச்சுவடியை இப்போது எங்கள் கிடங்கின் பலூச்சிக் காவலாளி வைத்துப் படிக்கிறார். ஈ வரைக்கும் வந்துவிட்டார். எருமையைச் சரியாகச் சொல்கிறார்.

ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவன் காதர்தான்.

"மாப்ள, நீ இங்க வந்து எத்தன வருசம்?"

"ரெண்டு ஆகப்போகுது."

"மகனுக்கு?"

"நாலு."

"கணக்குலதான பட்டம் வாங்குன?"

எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். காரணம் இருக்கிறது. எனக்கு ஊரில் நிஜமாகவே ஒரு பெண் பேசி வைத்திருக்கிறார்கள். பூங்கொடி. மதுரை சிம்மக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே பூ வைத்தாயிற்று. ஒப்பந்தம் முடிந்து வருகிற தையில் நான் போய் இறங்கியதும் கல்யாணம். பூ வைத்த அன்று அவள் என்னிடம் பேசியது ஒரே ஒரு கேள்வி: "கடிதம் எழுதுவீங்களா?" எழுதுவேன் என்றேன். எழுதவும் செய்தேன், மாதம் ஒன்று, நலம் நலமறிய ஆவல் என்று. ஒரு பக்கம்கூட நிரம்பாது. வசந்தாவைப் பற்றியோ எட்டு எட்டுப் பக்கம்.

நம்ம பத்திரிகையை அவர்கள் வீட்டில் யார் வாங்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

4

போன மாதம் ஊரிலிருந்து கேசட் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் கிடையாது. அம்மாவுக்கு எழுத வராது. நான் வாங்கி அனுப்பிய டேப் ரெக்கார்டரில் அம்மா பேச, என் தங்கை ராணி பொத்தானை அமுக்குவாள். விடுமுறை முடிந்து திரும்புகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு வீட்டுக் கேசட் வந்தால் எட்டுப் பேரும் உட்கார்ந்து கேட்பது எங்கள் அறை வழக்கம். போட்டேன்.

"ஓடுதாடி?" அம்மாவின் குரல்.

"செவப்பு லைட்டு எரியுதும்மா. பேசு."

"அய்யா பாண்டி, நல்லாருக்கியா? இங்க எல்லாரும் நல்லாருக்கோம். ராணி உன் கதையப் படிச்சுக் காட்டுனா. பேரப்புள்ளைகள நெனைக்க எனக்கே ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் புள்ளைக்கு மாம்பழம் குடுத்து உடனே தூங்க வச்சிருக்க. செமிக்குமாடா? சரி, தை மாசம் தேதி விசயமா சம்பந்தி இன்னைக்கு வாராக..."

அப்போது வாசலில் ஒரு குரல். கூடவே ஆடு கத்தியது.

"அத்தே! அத்தே!"

"யாரு தம்பி?"

"வண்டியூருலருந்து வாரேன் அத்தே. சோணைமுத்து. தெப்பக்குளத்துக்கிட்ட சைக்கிள் கட வச்சிருக்கேன்."

"எங்க வீட்ல யாரும் வாடகைக்குச் சைக்கிளு எடுக்கலியே."

"அதுக்கு வரல. நான் வசந்தாவோட அண்ணன்."

கேசட்டில் ஆடு மட்டும் ஒரு தடவை கத்தியது. அறையில் காதர் "யா அல்லா" என்று எழுந்து நின்றுவிட்டான்.

"எந்த வசந்தா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"உங்க மருமக."

"தம்பி, அது கதை. எம் மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"தெரியும் அத்தே. கதைன்னு தெரியாமலா? ஆனா பாருங்க, நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு. கூடப் பொறந்த பொட்டப்புள்ள ஒண்ணுகூட இல்ல. ஊருல அம்புட்டுப் பேரும் தங்கச்சி புள்ளைய மடியில ஒக்கார வச்சுக் காது குத்துறான். மாலை என்ன, மரியாதை என்ன! நான் பந்தியில எலை போடுறேன். உங்க மகன் அஞ்சாவது மாசத்துல எழுதியிருக்காரு, 'சுமதிக்குக் காது குத்த வேண்டும், மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன்தான் இல்லை'ன்னு. வண்டியூரு பொண்ணுன்னு வேற போட்டுருக்காரு. படிச்சதும் எனக்குக் கையி காலு ஓடல. ஏன் இல்ல? நான் இருக்கேன்ல? தட்டுல பட்டுப்பாவாட இருக்கு, தோடு இருக்கு. ஆடு பஸ்ஸுல வராதுன்னுட்டான் கண்டக்டரு. திருமங்கலம் வரைக்கும் லாரியில நின்னுக்கிட்டே வந்தோம், நானும் அதுவும்."

"ராணி, தம்பிக்குக் காப்பித் தண்ணி போடு. ஆட்ட அந்த முருங்கையில கட்டு" என்றாள் அம்மா. வேறு என்ன சொல்வாள்?

காப்பி போடப் போன ராணி பொத்தானை அணைக்கவில்லை. அதனால்தான் அடுத்து நடந்ததும் எங்களுக்குக் கேட்டது. பூங்கொடியின் அப்பா மாணிக்கவாசகம் வந்து சேர்ந்தார். தாலுகா ஆபீசில் சான்றிதழ் எழுதுகிற வேலை அவருக்கு. உட்காரும் முன்பே காகிதத்தைச் சுருட்டித் தட்டுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி, இந்தப் பத்திரிகையக் காட்டி உங்க மகனப் பத்தி ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இது யாரு?"

"இவுக மகனுக்கு மொறைக்கு மச்சான் வேணும் மாமா" என்றார் சோணைமுத்து. "வசந்தாவோட அண்ணன்."

"கேட்டீகளா தங்கச்சி? நான் கேக்கவே இல்ல, சாட்சி தானா வந்துருச்சு."

"அண்ணே, அவ கதையில வர்றவ."

"கதையில வர்றவளுக்கு எப்படிம்மா அண்ணன் இருப்பான்? அதுவும் ஆட்டோட? பையனுக்கு நாலு வயசுன்னு அச்சுல போட்டுருக்கு. உங்க மகன் வெளிநாடு போயி ரெண்டு வருசம். அப்ப இங்க இருக்கயிலயே..."

"நாலு வருசத்துக்கு முந்தி எம் மகன் காலேசுல படிச்சுக்கிட்டு இருந்தான். ஆறு மணி பஸ்ஸுல வீட்டுக்கு வந்துருவான்."

"பகல்ல?"

தெப்பக்குளத்தை நான் ஏன் அத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று இப்போது நானே யாருக்கும் விளக்கிவிட முடியாது.

"சரி, இல்லேன்னு ஒரு சான்றிதழ் நீங்களே எழுதிருங்கண்ணே" என்றாள் அம்மா.

"எங்க ஆபீசுல பொறந்தா சான்றிதழ் உண்டு. செத்தா உண்டு. இல்லவே இல்லேங்கறதுக்கு ஃபாரம் கெடையாது. ஒண்ணு அவ செத்திருக்கணும், இல்ல வெவாகரத்துல தீத்துவிட்டிருக்கணும். ரெண்டும் இல்லேன்னா எம் மக கல்யாணத்த..."

டக் என்று கேசட் நின்றது. ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

5

யாரும் அதைத் திருப்பிப் போடச் சொல்லவில்லை. எனக்கும் கை வரவில்லை. சமையல்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பேசாம அந்தப் பொண்ணக் கொன்னுருங்க தம்பி. அடுத்த மாசமே. காய்ச்சல்னு எழுதுங்க."

யோசித்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், ஐந்து நிமிஷம் யோசித்தேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமையும் உண்டுதானே? ஆனால் வசந்தா செத்தால் நான் பெண்டாட்டியை இழந்தவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். தாலுகா ஆபீஸ் எழுத்தர் தன் மகளை இரண்டாம் தாரமாகவா கொடுப்பார்? தீர்த்துவிட்டதாக எழுதினால் அதற்கும் மோசம். போதாக்குறைக்கு ஒரு வீட்டில் துக்கம் என்றால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. தை போச்சு. அதோடு சோணைமுத்து மொட்டை போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிற்பார். வாழ்நாளில் முதன்முதலாகக் கிடைத்த தங்கையை ஒரு மாதத்துக்குள் அவரிடமிருந்து பிடுங்கவா?

"வச்சிருக்கவும் முடியல, கொல்லவும் முடியல" என்றான் காதர். "இதுக்குத்தான் மாப்ள, ஆரம்பத்துலயே என்னைய வச்சு மட்டும் எழுதியிருக்கணும்."

அவனே எட்டிக் கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

6

முதலில் ஆடு. பிறகு ராணி.

"அண்ணே, ஒரு வாரம் ஆச்சு. ஆடு இன்னும் இங்கதான் நிக்குது. சோணைமுத்து அண்ணன் விட்டுட்டுப் போயிட்டாக, காதுகுத்துக்கு ஆகும்னு. உன் பழைய காலேசு நோட்டுல ரெண்ட மென்னுருச்சு. இப்பப் பூங்கொடி மதினி வந்துருக்காக. பேசணுமாம். மதினி, பேசுங்க, செவப்பு எரியுது."

நான் எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்ட அந்தக் குரலுக்கு இப்போது அவசரமே இல்லை.

"இங்க பாருங்க. எங்கப்பா பத்திரிகையோட வந்து கத்துனாரு. நான் சிரிச்சேன். அவருக்கு இப்பத்தான் தெரியும், எனக்கு முதல் மாசத்துலருந்தே தெரியும். உங்க கட்டுரையத்தான் இன்ஸ்டிடியூட்டுல பிள்ளைகளுக்குத் தமிழ் டைப் அடிக்கக் குடுக்குறேன். ஆறு மாசமும் வரி வரியா அடிச்சிருக்கோம். சிம்மக்கல்லுல அருணுக்காக எத்தன பேரு கவலப்படுறாக தெரியுமா?"

சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

"எண்ணிப் பாத்துட்டேன். ஆறு மாசத்துல அந்த வசந்தா வாயத் தொறந்தது ரெண்டே தடவ. ஒண்ணு, 'காப்பி ஆறுது.' இன்னொண்ணு, 'நீங்க சொன்னாச் சரிதான்.' அப்படி ஒருத்தி வண்டியூருல இல்ல. வைகைக்கு இந்தக் கரையிலயும் இல்ல, அந்தக் கரையிலயும் இல்ல. இத எங்கப்பாகிட்டச் சொன்னேன். 'நீங்களும் இருவத்தெட்டு வருசமா எங்கம்மாகூட இருக்கீக, நீங்களே சொல்லுங்க, அப்படி ஒரு பொம்பள உண்டா?'ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. உள்ள எட்டிப் பாத்தாரு. அப்புறம், 'இது கதைதான்'னு சொல்லிட்டாரு."

எங்கள் அறையில் கிளம்பிய சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். காதர் என் காலைப் பிடித்து மேல்தட்டிலிருந்து இழுத்தான். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்ததைக் கேட்க நான்தான் எல்லோரையும் அமர்த்தினேன்.

"ரொம்பச் சந்தோசப்பட வேணாம். எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. எனக்கு எழுதுறப்ப நலம், நலமறிய ஆவல். அவளுக்குப் பச்சைத் திரைச்சீல, மாம்பழம், கடல். அவளாச்சும் பேசவே இல்ல. நான் கேட்டேன்ல, எழுதுவீங்களான்னு?"

ஆடு கத்தியது. அவள் அதை அதட்டினாள்.

"அதனால மூணு விசயம். பத்திரிகையில உண்மைய எழுதிருங்க. என் பேர மாத்தாமப் போடுங்க. ரெண்டாவது, வசந்தாவக் கொல்லக் கூடாது. சோணைமுத்து அண்ணன் எங்க இன்ஸ்டிடியூட்டுக்கும் வந்தாக. அந்த மனுசன் முகத்தப் பாத்துட்டுச் சொல்றேன், காதுகுத்த எழுதுங்க. மடியில ஒக்கார வச்சு, மாலை போட்டு, நல்லா எழுதுங்க. மூணாவது, அவள ஒரு சண்ட போட வைங்க. நெசமான சண்ட. ஒரு பொம்பள பேசுனா உங்களுக்கு எழுத வருதான்னு நான் பாக்கணும். அதப் படிச்சுட்டுத்தான் அப்பாகிட்டத் தேதி குறிக்கச் சொல்லுவேன். வரட்டுமா? ராணி, இத எப்படி அமுக்குற..."

டக்.

7

உண்மையை எழுதிவிட்டேன். பூங்கொடி என்றே போட்டிருக்கிறேன். உசிலம்பட்டி ஐயாவுக்குச் சொல்லிக்கொள்கிறேன், உங்கள் சிலேட்டு வீணாகவில்லை.

காதுகுத்தும் முடிந்தது. கேசட் வந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமையே ஒரே மூச்சில் எழுதினேன். சோணைமுத்து அண்ணே, நீங்கள் பட்டு வேட்டியில் நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இடம் விட்டு ஊரே தள்ளி நிற்கிறது. சுமதி உங்கள் மடியில் இருக்கிறாள். ஊசி பட்டதும் உங்கள் மீசையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள்தான் அதிகமாக அழுதீர்கள். ஆட்டை வெட்டாமல் விட்டுவிட்டேன். வீட்டில் பழகிவிட்டதாம். அடுத்த இதழில் பாருங்கள்.

பாக்கி இருப்பது சண்டை. இதற்குத்தான் அதற்கப்புறம் மூன்று வெள்ளிக்கிழமையாக உட்கார்ந்திருக்கிறேன். நடுத்துண்டு மீன் வருகிறது, எழுத்து வரவில்லை. ஆறு மாதமாக நான் நினைத்ததையெல்லாம் செய்த பெண் இப்போது என் பக்கம் திரும்பக்கூட மாட்டேன் என்கிறாள். அறையில் உள்ள ஏழு பேரிடமும் கேட்டேன், உங்கள் வீட்டில் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று. ஏழு பேரும் ஊரை நினைத்துக்கொண்டு சும்மா சிரிக்கிறார்கள். யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

கேசட்டை மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டேன். அப்புறம் இன்னொரு முறை. பிறகு வசந்தாவைக் கடல் தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, நான் எதுவும் எழுதாமல் சும்மா இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரும்பினாள்.

"யாரக் கேட்டு இந்தப் பச்சக் கலரு வாங்குனீக?"

இதுவரைக்கும் வந்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டும். நாளைக்கு வெள்ளிக்கிழமை.